சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எந்த இன நாய் சரி?

கேள்வி இது: வீட்டில் 2 வயதிலும் 6 வயதிலும் இரண்டு குழந்தைகள், கூடவே வயதான பாட்டி. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இதுவரை நாய் வளர்த்துப் பழக்கமில்லை. லேப்ரடார், பீகிள், பொமரேனியன் மூன்றில் எந்தக் குட்டியை வாங்கலாம்?

மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் லேப்ரடார். ஆனால் குட்டி வேண்டாம். 2 முதல் 4 வயதுக்குள், ஏற்கெனவே சின்னக் குழந்தைகளோடு இருந்து பழகிய வளர்ந்த நாயாகத் தேடுங்கள். இளையவருக்கு 5 வயது ஆகும்வரை பொறுக்க முடியுமானால் குட்டியைப் பற்றி யோசிக்கலாம். எந்த இனம் என்பதற்கு முன்னால் எந்த வயது நாய், எந்த வயதுக் குழந்தை என்று பார்க்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தையின் போக்கை நாயால் கணிக்கவே முடியாது. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடும், ஓடும்போதே விழும், சில நேரம் நாயின் மேலேயே விழும். காதைப் பிடித்து இழுக்கும். தூங்குகிற நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். கையில் தின்பண்டத்தை வைத்துக்கொண்டு சரியாக நாயின் வாய் உயரத்தில் நடக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வீட்டுக்குள் விழும் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் விழுவதற்குக் காரணம் இந்த உயரம்தான். கடிப்பது அநேகமாக நன்றாகப் பழகிய நாயாகவே இருக்கும். அந்த நேரத்தில் நாய் சாப்பிட்டுக்கொண்டோ படுத்துக்கொண்டோ இருந்திருக்கும். குழந்தைதான் அதன் அருகே போயிருக்கும். ஆக, உங்களுக்குத் தேவை திடீர் அசைவுக்கும் சத்தத்துக்கும் பதறாத, தொட்டால் சுருங்காத, தட்டுக்காகச் சண்டை போடாத நாய். இந்தக் குணங்களை வளர்ந்த நாயிடம் நேரில் பார்த்துவிடலாம். எட்டு வாரக் குட்டியிடம் ஊகிக்கத்தான் முடியும்.

குட்டி ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குட்டிக்கு வளர்ந்த நாயைவிட அதிகத் தூக்கம் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூக்கம் கிடைக்காது. தூக்கம் கெட்ட குட்டி இன்னும் அதிகமாகக் கடிக்கும். அதன் பால்பற்கள் ஊசி மாதிரி இருக்கும். ஏறக்குறைய நான்காம் மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்தில் நிரந்தரப் பற்கள் வந்து முடியும். அதுவரை அசைகிற எல்லாவற்றையும் அது வாயில் கவ்வும். குழந்தை கத்திக்கொண்டு ஓடும். குட்டி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் துரத்தும். சில நாட்களில் குழந்தை தரையில் கால் வைக்கவே பயப்படும். அடுத்தது கழிப்பறைப் பழக்கம். குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். விழித்து விளையாடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இருவரும் வேலைக்குப் போய்விட்டால் இந்தச் சுமை முழுக்கப் பாட்டியின் மேல் விழும்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்று இனங்கள்.

லேப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை வளரும். வேட்டையில் சுட்ட பறவையைச் சேதப்படுத்தாமல் கவ்விக்கொண்டு வருவதற்காகவும், மனிதனின் பக்கத்தில் நின்று சொன்னதைச் செய்வதற்காகவும் வளர்க்கப்பட்ட இனம். மனிதர்களோடு ஒட்டி இருப்பது, தொடுவதை விரும்புவது, உணவுக்காக எதையும் கற்றுக்கொள்வது எல்லாம் அந்த வழியில் வந்தவை. இந்த இனத்தின் சிக்கல் கடி கிடையாது, எடைதான். எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை உடம்பு முழு நாயாகவும் மூளை குட்டியாகவும் இருக்கும். மகிழ்ச்சியில் தாவினால் 2 வயதுக் குழந்தை மல்லாக்க விழும். வாலின் வீச்சே குழந்தையின் முகத்தில் அறையும். கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். இதனால்தான் அந்த வயதைத் தாண்டிய நாயாகப் பாருங்கள் என்கிறேன். நடக்கக் கூட்டிப்போகும் வேலையைப் பாட்டியிடமோ குழந்தையிடமோ கொடுக்காதீர்கள்.

லேப்ரடாரின் பசியைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் வெளியான மரபணு ஆய்வில், வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருப்பது ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாரிடம் இருப்பதாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவிலேயே பசிக்கும். குழந்தைகள் சிந்துவதையும் நீட்டுவதையும் தின்று தின்று கொழுத்துவிடும்; ஏற்கெனவே இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் பலவீனப்படும் இனத்தில் அந்தக் கூடுதல் எடை நடையையே முடக்கும். நாள் உணவைக் காலையிலேயே எடை போட்டு வைத்துவிடுங்கள். பழக்கும்போது கொடுக்கும் துண்டுகளையும் அதிலிருந்தே எடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் விரலால் லேசாகத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரமாவது நடை, ஓட்டம், மோப்ப விளையாட்டு தேவை. முடி ஆண்டு முழுக்க உதிரும். வீட்டில் யாருக்காவது அது பொறுக்காது என்றால் இந்த இனத்தை விட்டுவிடுங்கள்.

பீகிளின் அளவு குடும்பத்துக்கு மிகப் பொருத்தம்: 9 முதல் 14 கிலோ. முகமும் சாந்தமானது. ஆனால் அது கூட்டமாகச் சேர்ந்து முயலை மோப்பம் பிடித்துத் துரத்தப் பிறந்த நாய். கூட்டத்தில் வாழ்வதற்கானது என்பதால் தனிமை தாங்காது. இருவரும் வேலைக்குப் போன வீட்டில் ஊளையிடும், அந்த ஊளை தெருக்கோடி வரை கேட்கும். மூக்கு ஒரு வாசனையில் சிக்கிவிட்டால் காது வேலை செய்யாது. கதவு திறந்திருந்தால் போய்விடும், குழந்தைகள் உள்ள வீட்டில் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும். அதைவிட முக்கியம், கிடைத்த உணவை விட்டுக்கொடுக்காத குணம் சில பீகிள்களிடம் வலுவாக இருக்கும். 2 வயதுக் குழந்தை கீழே போட்ட தின்பண்டத்தை நாயும் குழந்தையும் ஒரே நேரத்தில் எடுக்கப் போகும் காட்சி உங்கள் வீட்டில் தினமும் நடக்கும். இளையவருக்கும் ஆறு வயதானபின், பகலில் யாராவது வீட்டில் இருந்தால், பீகிள் அருமையான துணை. இப்போது இல்லை.

பொமரேனியனை இந்த வயதுக் குழந்தைகளோடு வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். முறையான பொமரேனியன் இரண்டு, மூன்று கிலோதான். சின்ன நாய் என்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தூக்க முடிகிற நாயைக் குழந்தை தூக்கத்தான் செய்யும், அங்கேதான் ஆபத்து. முன்னங்கால்களுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கும், பின்பக்கம் தாங்கல் இல்லாமல் தொங்கும், நாய் முறுக்கிக்கொள்ளும், பிடி நழுவும். சோபா உயரத்திலிருந்து விழுந்தாலே இவ்வளவு சின்ன நாய்களுக்கு முன்னங்காலின் இரண்டு எலும்புகளும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவது உண்டு. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் எலும்பு கூடுவதும் தாமதமாகும். பெரும்பாலும் தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். ஒருமுறை இப்படி வலித்த நாய் அடுத்த முறை குழந்தையின் கை நெருங்கும்போதே பல்லைக் காட்டும். சிவாவா, சின்ன யார்க்‌ஷயர் டெரியர் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ‘டீகப்’ என்று விற்பது தனி இனமே அல்ல. வழக்கத்தைவிடச் சிறியதாகப் பிறந்த குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து எடுப்பது. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும், எலும்பு இன்னும் மெலிது. வாங்கவே வாங்காதீர்கள்.

சின்ன அளவில்தான் வேண்டும் என்றால் இரண்டு இனங்களைப் பாருங்கள். கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல், 6 முதல் 8 கிலோ. குழந்தைகளிடம் மென்மையில் இதற்கு ஈடு குறைவு. ஆனால் இதய வால்வு நோய் இந்த இனத்தில் மிக அதிகம்; மண்டை ஓடு மூளைக்குப் போதாத அளவில் இருப்பதால் தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிக் குழிவு விழும் நோயும் உண்டு. பெற்றோர் நாய்களின் இதயப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்கினால் சில ஆண்டுகளில் குழந்தைகள் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்தது மினியேச்சர் பூடில்: கூர்மையான மூளை, உதிராத முடி. உதிராத முடி வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும், இடையில் சீவ வேண்டும். விட்டால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். வலியில் இருக்கும் நாயிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

பூடில் என்றதும் ஒவ்வாமை பற்றிய கேள்வி வரும். ஒவ்வாமையே தராத நாய் இனம் கிடையாது. ஒவ்வாமை தரும் புரதங்கள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து திரிகிறது, அவ்வளவுதான். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், நீங்கள் எடுக்க நினைக்கும் அதே நாயோடு வெவ்வேறு நாட்களில் சில மணி நேரம் குழந்தையை இருக்கவிட்டுப் பாருங்கள்.

மற்ற இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோல்டன் ரிட்ரீவர் லேப்ரடாருக்குச் சமமான தேர்வு, கொஞ்சம் மென்மையும்கூட. வாரத்தில் இரண்டு மூன்று முறை முழுமையாகச் சீவ வேண்டும், புற்றுநோய் அதிகம் வரும் இனம். பக், பிரெஞ்சு புல்டாக் இரண்டும் பொறுமைசாலிகள். ஆனால் தட்டை மூக்கால் மூச்சுப்பாதை நெருக்கப்பட்டிருக்கும். குழந்தைகளோடு வெயிலில் ஓடினால் உடல் வெப்பம் ஏறிச் சுருண்டுவிடும். அந்தக் குறட்டையை அழகு என்று நினைக்காதீர்கள், மூச்சுக்கு அது திணறுகிறது. டாக்ஸ்ஹண்டின் நீண்ட முதுகில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு விலகுவது சகஜம். தவறாகத் தூக்கினால் வலி, வலித்தால் கடி. பாக்ஸர் குழந்தைப் பிரியன், ஆனால் நிதானம் வரத் தாமதமாகும். பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மந்தை நாய்களுக்கு ஓடுகிற எதையும் வளைத்து ஒரு மூலையில் சேர்க்க வேண்டும். ஆடு இல்லாத வீட்டில் குழந்தையின் குதிகாலை நறுக்கென்று கவ்வும். ஹஸ்கியின் ஓட்டத் தேவைக்கு உங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது.

ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், டோபர்மேன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நன்றாக வளர்க்கப்பட்டால் வீட்டுக் குழந்தைகளிடம் இவை பாசமாகவே இருக்கும். உங்கள் குழந்தையோடு விளையாட வரும் அடுத்த வீட்டுக் குழந்தைதான் சிக்கல். இருவரும் கட்டிப் புரண்டு கத்தும்போது, காவலுக்காகப் பல தலைமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட நாய் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. முதல் நாயாக இவை வேண்டாம்.

இவ்வளவு சொன்னபிறகு, இனத்துக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான பெரிய ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களை அலசியது. தனித்தனி நாய்களுக்கு இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது ஏறக்குறைய 9 சதவீதம்தான். மந்தை மேய்க்கும் ஆர்வம், சொன்னதைக் கேட்கும் தன்மை ஆகியவற்றில் இனத்தின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு எளிதில் சீண்டப்படும் என்பதில் மிகக் குறைவு. எடை, முடி, மூட்டு, மூக்கு ஆகியவற்றை இனம் சொல்லிவிடும். குழந்தை காலை மிதித்தால் அந்த நாய் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. ஆகவே, இனம் தெரியாத கலப்பு நாய் என்பதற்காக எதையும் ஒதுக்காதீர்கள். நடுத்தர உடம்பும் நிதானமும் உள்ள, குழந்தைகளோடு வளர்ந்த கலப்பு நாய் கிடைத்தால், யாரென்றே தெரியாதவரிடம் வாங்கும் லேப்ரடார் குட்டியைவிட அதையே நான் முன்னால் வைப்பேன்.

வளர்ந்த நாயைப் பார்க்கப் போகும்போது முதல் முறை குழந்தைகள் இல்லாமல் போங்கள். முன்பு எத்தனை வயதுக் குழந்தையோடு இருந்தது, எதற்காவது உறுமியிருக்கிறதா, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், ஏன் கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிறகு மார்பை மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நெருங்கி வந்து கேட்டால் நல்லது. தலையைத் திருப்பிக்கொண்டாலோ, உதட்டை நக்கிக்கொண்டு விறைத்து நின்றாலோ குழந்தைகளின் தொடுதல் அதற்குத் தாங்காது. கழுத்துப்பட்டை, காது, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஓர் உலோகத் தட்டைச் சற்றுத் தள்ளிக் கீழே போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு, சில விநாடியில் சுதாரித்து மோந்து பார்க்க வருகிறதா என்பதே கேள்வி. சாப்பிடும்போது தட்டில் கை விடாதீர்கள், அது சோதனையே அல்ல, தூண்டிவிடுவது. இரண்டடி தள்ளி நடந்து போங்கள். உடம்பு இறுகி, அவசரமாக விழுங்கி, கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டினால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது முறை மூத்த குழந்தையோடு போங்கள். குழந்தை ஓரமாக உட்காரட்டும், நாயே வரட்டும். மூன்றாவது முறை சின்னவர் உங்கள் மடியில். நாய் குழந்தைகளோடு ஒத்துப்போனால் சில வாரம் சோதனையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேளுங்கள். புது வீட்டுக்கு வந்த நாய் முதல் சில நாள் ஒடுங்கியிருக்கும். அதன் உண்மையான குணம் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

பிற்பாடு குட்டியாக எடுத்தால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். அச்சம் பரம்பரையாக வரும்; தாயைப் பார்த்தும் குட்டிகள் கற்றுக்கொள்ளும். அந்நியரைக் கண்டு ஒளிந்துகொள்ளும் தாயின் குட்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தாயைக் காட்ட மறுக்கும் இடத்திலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். மனிதர்களோடும் சத்தங்களோடும் பழகும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான். அதில் முதல் ஐந்து வாரத்தைக் கொட்டகைக் கூண்டில் கழித்த குட்டிக்கு, குழந்தையின் அழுகுரல் உலகத்திலேயே புதுச் சத்தமாக இருக்கும். 8 வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரித்த குட்டியை எடுக்காதீர்கள். பெரிய இனம் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளில் முதலில் பாய்ந்து வருவதையும் மூலையில் பதுங்குவதையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

எந்த நாய் வந்தாலும் வீட்டு ஏற்பாடு ஒன்றுதான். கூடத்துக்கும் நாயின் இடத்துக்கும் நடுவே குழந்தைத் தடுப்புக் கதவு ஒன்று. நாயின் படுக்கை குழந்தைகளுக்குத் தடை செய்யப்பட்ட இடம், விதிவிலக்கே கிடையாது. நாய் சாப்பிடுவதும் எலும்பு கடிப்பதும் கதவுக்கு அந்தப் பக்கம். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கை எட்டும் தூரம்; அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. கட்டிப்பிடிப்பதும் மேலே ஏறுவதும் இல்லை. ஒற்றைக் கையால் மார்பையோ முதுகையோ தடவலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு) சேர்த்த மிட்டாய் எல்லாம் நாய்க்கு விஷம் என்பதை 6 வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். நாயின் மலத்தோடு வெளிவரும் உருளைப்புழு (ஒரு வகைக் குடற்புழு) முட்டைகள் மண்ணில் தங்கிக் குழந்தையின் வாய்க்குப் போகும். மலத்தைத் தினமும் அகற்றுவதும், குடற்புழு மருந்தும், தடுப்பூசியும் நாள் தவறக் கூடாது.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். கொட்டாவி, உதடு நக்கல், முகத்தைத் திருப்பல், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தல், விறைத்து நிற்றல் என்று அது முதலில் அமைதியாகச் சொல்லிப் பார்த்திருக்கும். உறுமல் அதன் கடைசி எச்சரிக்கை. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். குழந்தையை அமைதியாகத் தூக்கி அப்புறப்படுத்துங்கள், நாய்க்கு இடம் கொடுங்கள், எந்த நேரத்தில் எதற்காக உறுமியது என்று எழுதி வையுங்கள். அதே வாரம் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று பொறுமை இழந்த நாய்க்குக் காதில் புண்ணோ, பல்லில் சீழோ, மூட்டில் வலியோ இருப்பது உண்டு. வலி ஒன்றும் இல்லாமல் குழந்தையைப் பார்த்து மறுபடியும் உறுமினால், நாய் நடத்தை தெரிந்த பயிற்சியாளரை வரவழையுங்கள். அதுவரை நாயும் குழந்தையும் கதவுக்கு இரண்டு பக்கம் இருக்கட்டும். பல் பட்டுக் கீறல் விழுந்தாலும், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.